அமைதியான ஆபீஸ் ஒன்று அமைத்தேன்

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனியில் ஆபீஸ் மேனேஜராக இருக்கிறேன். போர் போடும் வண்டிகள் எங்களுக்குப் பன்னிரண்டு. அதில் ஒன்றுகூட ஊரில் நிற்காது. ஒடிசா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று எங்கெங்கோ பூமியைக் குடைந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் வந்து, பெயின்ட் அடித்துக்கொண்டு திரும்பப் போய்விடும். ஊரில் நிரந்தரமாக இருப்பது ஆபீஸ் மட்டும்தான். அந்த ஆபீஸை இப்போது இருக்கிற மாதிரி அமைத்தது நான். வந்து பார்க்கிறவர்கள், ரிக் ஆபீஸ் மாதிரியே இல்லையே என்று பாராட்டுவார்கள். பாராட்டு எனக்குப் பிடிக்கும். அதற்காக நான் ஒரு மனிதரை என்ன செய்தேன் என்பதை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மனசாட்சி உறுத்துகிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உறுத்துகிற மனசாட்சி இருந்திருந்தால் அன்றைக்கே உறுத்தியிருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது ஆபீஸாக இல்லை, சந்தையாக இருந்தது. கீழே யார்டு, மாடியில் ஒரே ஹால். மேசைகள் லாரியிலிருந்து இறக்கிய இடத்திலேயே கிடந்தன. டிரைவர்களின் மச்சான்கள், டயர் கடைக்காரர், சாமி கும்பிடப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர் என்று யார் வந்தாலும் நேராக என் மேசைக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வார்கள். டீ நினைத்த நேரத்துக்கெல்லாம் வரும். ஒரு கடிதத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் நான்கு பேர் நலம் விசாரித்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் மேலே, நான் சொன்ன அந்த மனிதருடைய சத்தம். அவர் போன் பார்க்கிறவர். பன்னிரண்டு வண்டிகளோடும் பேசுவது அவர் வேலை. எந்த வண்டி எந்த ஊருக்கு நகர வேண்டும், யார் லீவில் வருவது, எத்தனை அடியோடு நிறுத்துவது, எல்லாம் அவர் வாய்வழியாகத்தான் போகும். இருபது வருடம் டிரில்லராக வண்டியில் இருந்தவர். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று இடது காது போய்விட்டது. இடுப்பும் சரியில்லை. அதன்பிறகு முதலாளி அவரைக் கூப்பிட்டு ஆபீஸில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். வயது ஐம்பதுக்குப் பக்கம். எல்லாரும் அவரை அண்ணா என்போம். என்னைத் தம்பி என்பார்.

அவர் ஹலோ சொன்னால் யார்டில் படுத்திருக்கும் நாய் எழுந்துவிடும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். போர் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசரை நிறுத்தினால் குழிக்குள் மண் சரிந்து, துளை போடும் இரும்பு ராடு சிக்கிக்கொள்ளும். அதனால் நிறுத்திவிட்டுப் பேசு என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாது. அந்த இரைச்சலில் வண்டியில் இருப்பவன் அங்கே கத்துவான், இவர் இங்கே கத்துவார். ரிக் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். இரண்டு ரிக்காரர்கள் கல்யாண வீட்டில் பேசிக்கொண்டால் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஆள் வரும்.

எனக்குச் சத்தம் ஆகாது. ராசிபுரத்தில் தறிக்கு மேல் வீடு எங்களுக்கு. கீழே ஆறு விசைத்தறி, மேலே நாங்கள். சாப்பிடுகிற தட்டு தரையில் அதிரும். எங்கள் வீட்டில் யாரும் பேசியதே இல்லை, கத்தித்தான் பழக்கம். கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்தபோது ஹாஸ்டலில் என்னை மைக் செட் என்று கூப்பிட்டார்கள். ஒரு வருடம் யாரோடும் பேசாமல் இருந்து என் குரலை நானே தேய்த்துக் குறைத்தேன். அதனால் அவர் போனை எடுக்கும்போதெல்லாம் எனக்கு வந்தது வெறும் எரிச்சல் இல்லை, அருவருப்பு. நான் இவ்வளவு கஷ்டப்பட்டு விட்டுவந்ததை இந்த ஆள் வெட்கமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று இருந்தது.

ஆபீஸைச் சரிசெய்ய முதலாளியிடம் அனுமதி கேட்டேன். அவர் பாதி நாள் ஒடிசாவில், பாதி நாள் தோட்டத்தில் இருப்பவர். என்னமோ பண்ணிக்குங்க தம்பி, வாஸ்து மட்டும் கெடாமப் பாத்துக்குங்க என்றார்.

நன்றாகவே செய்தேன். அதில் பொய் இல்லை. ஒவ்வொருவர் நாற்காலியிலும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். எங்கே வெயில் கண்ணில் அடிக்கிறது, எந்த இடத்தில் ஆள் நடமாட்டம் தோளுக்குப் பின்னால் தெரிகிறது என்று குறித்துக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி மேசைகளைத் திருப்பினேன். பிரின்டரை வராந்தாவுக்கு அனுப்பினேன். சுவர்களுக்குச் சேலத்திலிருந்து துணி போர்த்திய தடித்த பலகைகள் வாங்கி அடித்தேன். வருகிறவர்களுக்கு மாடிப்படிக்குக் கீழே பெஞ்சு. டீ இரண்டு வேளை மட்டும். சொந்த போன் வந்தால் வெளியே மாடிப்படியில் நின்று பேச வேண்டும், எனக்கும் சேர்த்து. வாஸ்துக்காரர் வந்து, நான் எனக்காகப் பார்த்துவைத்திருந்த மூலையை முதலாளிக்கு என்று பிடுங்கிக்கொண்டார். அதைத் தவிர எல்லாம் நான் நினைத்தபடிதான் நடந்தது. டீசல் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பெண், நாள் முழுக்க இழுத்த வேலையை மதியத்துக்குள் முடித்துவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

போன் பார்க்கிறவருக்குக் கண்ணாடித் தடுப்புக்குள் ஓர் அறை செய்தேன். ஏசி காற்று போக மேலே திறந்து விட்டிருந்தார்கள். அந்த வழியாக அவர் குரல் பழையபடியே வந்து விழுந்தது. ஆசாரியைக் கூப்பிட்டு மேலே மூடச் சொல்லியிருக்கலாம். கண்ணாடியை மாற்றுவதைவிட மனிதரை மாற்றுவது சுலபம் என்று முடிவுசெய்தேன்.

சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றைப் பழைய செல்போனில் போட்டு அவர் மேசையில் நிறுத்திவைத்தேன். மெதுவாகப் பேசினால் பச்சை விளக்கு, குரல் ஏறினால் சிவப்பு. தண்ணீர்க் கேனுக்கு மேலே ஒரு தாள் ஒட்டினேன். அமைதியைக் கெடுத்தவர் பெயர் அதில் வாரம் ஒரு முறை எழுதப்படும். எல்லா வாரமும் ஒரே பெயர்தான் வரும் என்று தெரிந்துதான் ஒட்டினேன். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். அவரும் முதல் வாரம் சேர்ந்து சிரித்தார். பிறகு வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார்.

ஒரு நாள் என் மேசைக்கு வந்து நின்றார். "தம்பி, அந்தப்பக்கம் கம்ப்ரசர் ஓடுதுங்க. நான் கத்தாட்டி பையனுகளுக்குக் கேக்காதுங்க."

"கேக்கலைன்னா அவங்க தள்ளி வந்து பேசட்டும். உங்களுக்குத்தான் காது போச்சு, எங்களையும் எதுக்குங்க செவிடாக்கறீங்க?" என்றேன்.

ஹால் அமைதியாக இருந்ததால் நான் மெதுவாகச் சொன்னதே எல்லாருக்கும் கேட்டது. அதுவும் எனக்குத் தெரியும். அவர் திரும்பித் தன் அறைக்குப் போனார். அடுத்த நாளிலிருந்து தம்பி போய் சார் ஆகிவிட்டது.

பிறகு அவர் மெதுவாகப் பேசிப் பழக ஆரம்பித்தார். டீசல் கணக்குப் பெண் அவர் தெருவில்தான் குடியிருக்கிறாள். சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு, மனைவியைப் பத்தடி தள்ளி நிற்கவைத்துப் பேசிப் பார்ப்பாராம். குரல் ஏறினால் அந்த அம்மா கையைத் தூக்க வேண்டும். தன் குரல் எவ்வளவு வருகிறது என்று அவருக்கே தெரியாதல்லவா. அந்த அம்மா சிரித்துவிட்டால் இவருக்குக் கோபம் வருமாம். அந்தப் பெண் இதை என்னிடம் வருத்தமாகத்தான் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. திட்டம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

மூன்று மாதத்தில் பச்சை நிலைத்துவிட்டது. பேசும்போது அவர் கண் போனில் இருக்காது, அந்த விளக்கில்தான் இருக்கும். பேச்சும் குறைந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு பையனையும் சாப்பிட்டாயா, காய்ச்சல் விட்டதா என்று கேட்டு, நான்கு வசவு வைத்து, சிரித்துவிட்டுத்தான் வைப்பார். இப்போது வேண்டியதை மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். தாளில் எழுத ஒன்றும் இல்லாததால் அதைக் கிழித்தேன். அன்றைக்கு எல்லாருக்கும் என் செலவில் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அவருக்கும் ஒன்று கொடுத்தேன்.

வண்டிகளின் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. ரிக் வண்டியில் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊரில் ஒருவன் வீட்டில் சாவு விழுந்தால் அதைப் போனில் சொல்லமாட்டார்கள். மூன்று நாள் ரயிலில் அவன் தனியாக வர வேண்டும், வழியில் ஏதாவது செய்துகொள்வான் என்று பயம். அதனால் ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, தணிந்த குரலில், ஒண்ணுமில்ல, ஊருக்கு ஒருக்கா வந்துட்டுப் போ என்பார்கள். ஆபீஸ் கத்தினால் எல்லாம் நல்லபடி இருக்கிறது. ஆபீஸ் தணிந்து பேசினால் யாரோ போய்விட்டார்கள். இது எந்தப் புத்தகத்திலும் எழுதாத விஷயம். வண்டியில் ஏறுகிற எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் விளக்கைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவருக்கு அது நினைவுக்கு வரவில்லை.

ஒடிசாவில் நின்ற வண்டியின் டிரில்லர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்தவன். இவர் லீவு முறை போடுவதற்காக அவனைக் கூப்பிட்டார். பச்சைக்குள் நிற்கிற குரலில், ஊருக்கு எப்ப வாரே என்று கேட்டார். வண்டியை விட்டுத் தள்ளி வந்து, போனைக் காதோடு அழுத்திக் கேட்டவன் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். திரும்பிக் கூப்பிட்டு எதையும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டார்கள் என்பதால். குழிக்குள் நானூறு அடிக்கு ராடு இறங்கியிருந்தது. கம்ப்ரசரை அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, மொட்டை அடிக்கிற நினைப்போடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். உடனிருந்த பையன்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ராடு சிக்கிக்கொண்டது. மூன்றாம் நாள் அவன் அழுது வீங்கிய முகத்தோடு வீட்டு வாசலில் போய் நின்றபோது அவன் அம்மா கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். ஹாலில் எல்லாருமே சிரித்தோம். அவர் மட்டும் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி தோட்டத்திலிருந்து நேராக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தன் மூலைக்குப் போய் என்னைக் கூப்பிட்டார். "இவனுக்கு என்னாச்சு தம்பி? நல்லாத்தான கத்திட்டிருந்தான்? நாலு வண்டிப் பசங்க சொல்றானுங்க, ஆபீஸ் பேசறது கேக்கவே மாட்டேங்குதாமா."

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். மெதுவாகப் பேசச் சொன்னது நான்தான் என்று சொன்னால் முதலாளி இரண்டு திட்டுத் திட்டியிருப்பார். அந்தப் பலகைகளில் நான்கைப் பிய்த்து எறியச் சொல்லியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். என் ஹாலை யாரும் தொடக் கூடாது என்று இருந்தது.

"வயசாயிருச்சுங்க. இன்னொரு காதும் போயிட்டாப்புல இருக்குதுங்க," என்றேன்.

முதலாளி எழுந்துபோய்க் கண்ணாடி அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிக்கொண்டிருக்கிற வண்டி எதையாவது இப்போதே கூப்பிட்டுப் பேசச் சொன்னார். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். போன் பார்க்கிறவர் ராஜஸ்தான் வண்டியைக் கூப்பிட்டார். கம்ப்ரசர் இரைச்சல் எனக்கே கேட்டது. அவர் வாயைத் திறந்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பேசலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஒரு முறை ஆட்டியிருந்தால் போதும், கட்டடமே அதிர்ந்திருக்கும். நான் என் கம்ப்யூட்டரில் ஏதோ படிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அவர் பழகியபடி பேசினார். எத்தனை அடி போயிருக்குது சாமி என்று கேட்டார். அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்று இரண்டு முறை கத்திவிட்டு அவன் வைத்துவிட்டான்.

"போதும்ப்பா. ஊட்டுல இருந்து ஓய்வெடு," என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை, பாவம் என்கிற தொனியில்தான் சொன்னார். அவர் கொடுத்த நாற்காலி, அவரே எடுத்துக்கொண்டார்.

முதலாளி போனபிறகு டீசல் கணக்குப் பெண் என் மேசைக்கு வந்தாள். நீங்கதான சார் அவரை மெதுவாப் பேசச் சொன்னீங்க என்றாள். வேலையைப் பாருங்க என்றேன். அவளுக்கும் தன் நாற்காலி நிலைக்க வேண்டும். போய்ப் பார்த்தாள்.

அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் கெஞ்சினார்.

"சார், என்னையக் கீழ யார்டுல ஒரு மேசை போட்டு உக்கார வெச்சிருங்க. அங்க எத்தன சத்தம் போட்டாலும் உங்களுக்குத் தொந்தரவு இல்லீங்க. மொதலாளிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாருங்க. இந்தக் காத வெச்சுக்கிட்டு எனக்கு வேற எங்கீமே எடமில்லீங்க."

இவ்வளவையும் பச்சைக்குள் நிற்கிற குரலில் சொன்னார். ஆள் இல்லாத படிக்கட்டில்கூட அவர் குரல் ஏறவில்லை. சொல்கிறேன் என்றேன். எப்படியும் சொல்லிப்போடுங்க சார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல யோசனை என்று அப்போதே மனதில் பட்டது. இவ்வளவு நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் வருத்தப்பட்டேன்.

முதலாளியிடம் சொல்லவும் செய்தேன். அடுத்த வாரம் முதலாளி, வண்டியிலிருந்து இறங்கிய வேறு ஒரு டிரில்லரைப் போனுக்குப் பிடித்திருப்பதாகச் சொன்னார். பழையவரையும் மிஞ்சுகிற தொண்டை, எந்தக் கண்ணாடியும் தாங்காது. நான் உடனே ஒரு தாளை எடுத்து யார்டை வரைந்தேன். டீசல் டேங்க்குக்குப் பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை, ஒரு ஃபேன், சார்ஜ் போட ஒரு பிளக். சத்தம் மேலே வராது, வண்டிக்கும் நன்றாகக் கேட்கும் என்று விளக்கினேன். முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்க மூளையே மூளை தம்பி என்றார். எலக்ட்ரீஷியன் வந்து அரை நாளில் முடித்துவிட்டுப் போனார். அந்த மேசையை யார் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவரையே உட்காரவை என்பார். காதைப் பற்றி நான் சொன்னது பொய் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

பத்து நாள் கழித்து மதியம் எனக்கு ஒரு போன் வந்தது. பழையவரின் எண். ஹாலில் பேசக் கூடாது என்பதால் எழுந்து மாடிப்படிக்குப் போனேன். கீழே யார்டில் புது ஆள் சத்தீஸ்கர் வண்டியோடு பேசிக்கொண்டிருந்தார். தகரக் கூரை அந்தக் குரலை வாங்கி மேலே அனுப்பியது.

"சார், கேட்டுப் பாத்தீங்களாங்க?" என்றார் அவர். காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் கேட்டது.

"கேட்டனுங்க. யார்டுல எடமில்லைன்னுட்டாருங்க," என்றேன்.

கீழே புது ஆள், எத்தனை அடிடா போயிருக்குது, சோறு தின்னியா இல்லையா என்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு வாயில் வந்த வசவு ஒன்றை வைத்துச் சிரித்தார். நான் போனைக் கையால் மூடியிருக்கலாம். நேரம் கடந்துவிட்டது.

"யாரோ பேசறாப்புல இருக்குதுங்களே," என்றார்.

"வண்டி ஒண்ணு வந்திருக்குதுங்க. அந்தப் பசங்க," என்றேன்.

"சரிங்க சார்," என்றார். கொஞ்ச நேரம் வைக்காமல் இருந்தார். அவருக்கு மீதியிருக்கிற அந்த ஒரு காதால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. "பையனுக்கு நல்ல தொண்டைங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. அன்றைக்கு எனக்கு நிறைய வேலை முடிந்தது.